பின் அச்சில் ஏறிய பாரம்

அத்தியாயம் 8

நொறுங்கிக் கிடந்த பிக்கப்புக்கு அடியில் இடுப்புவரை நுழைந்திருந்த ஞானபாக்கியம் வெளியே வருகிற வழியாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் உள்ளே போனபோது வெயில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது. இப்போது அது அவளுக்கு உதவியாக வந்த சாம்சனின் வழுக்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அக்கா, உள்ள வாடகைக்கு வீடு எதும் கெடச்சிருச்சா?" என்றான்.

சாம்சனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலடி நடந்தான், திரும்பினான், ரோட்டை எட்டிப் பார்த்தான். ராஜபாளையத்திலிருந்து கிரேன் இந்நேரம் கிளம்பியிருக்கும். வண்டியை விடுவிக்கும் உத்தரவை முதலாளி சுயம்புலிங்கம் காலையிலேயே வாங்கிவிட்டார். ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடிபட்ட வண்டிகளெல்லாம் வெயிலில் வேகிற இந்தப் பொட்டலிலிருந்து பிக்கப்பும், அதன் வாலில் மாட்டியிருந்த காங்கிரீட் கலவை மிஷினும் இன்றைக்கே போய்விடும். பிறகு பழைய இரும்புக் கடையில் போய்த்தான் சாட்சி தேட வேண்டும்.

ராஜபாளையம் சுயம்புலிங்கத்திடம் தளம் போடுகிற செட்டு ஒன்று உண்டு. ஆட்கள், மிஷின், ஒரே கம்பெனியில் வாங்கிய இரண்டு பிக்கப். போன சனிக்கிழமை வ. புதுப்பட்டியில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டு முடித்து, மிஷினைக் கொக்கியில் மாட்டி, ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பிய பிக்கப், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைத் தாண்டிய வளைவில் வளையவே இல்லை. நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது. பின்னால் உட்கார்ந்திருந்த பால்ச்சாமி அங்கேயே செத்துப் போனான். டிரைவர் சிவபாண்டி தூங்கிவிட்டான் என்று கேஸ். தூங்கியதைப் பார்த்தேன் என்று சொன்னவர் செத்தவனின் அண்ணன், செட்டின் மேஸ்திரி சங்கையா. அதற்கு மேல் யாருக்கு என்ன வேண்டும்? சிவபாண்டி உள்ளே இருந்தான். நாளைக்கு ஜாமீன் மனு.

"ஸ்டீரிங்க ஒடிச்சேன். சக்கரம் திரும்புச்சு. வண்டி திரும்பல." அவன் சொன்னது இவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி. அதே செட்டில் சட்டி சுமக்கிறவள், அதே பிக்கப்பில் வந்தவள். நெற்றியில் பிளாஸ்திரியோடு ஞானபாக்கியத்தின் வாசலில் வந்து நின்றாள். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து விசாரித்துத் தருகிற ஞானபாக்கியம் சாதாரணமாக இப்படிப்பட்ட கேஸை எடுப்பதில்லை. ஆனால் மாரிச்செல்வி சொன்ன ஒரு வார்த்தையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அவிய தூங்கலக்கா. தூங்குற மனுசன் வண்டிய அம்புட்டுக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவாகளா?"

இப்போது பிக்கப்புக்கு அடியிலிருந்து முதலில் ஒரு டார்ச் லைட்டும், பின்னால் ஞானபாக்கியமும் வெளியே வந்தார்கள். முழங்கையெல்லாம் கிரீஸ்.

"பின்னால ஸ்பிரிங் பட்டை பாத்தியாலே?"

"நான் நின்ன எடத்துல இருந்து உங்க செருப்புத்தான் தெரிஞ்சுது."

கம்பெனி கொடுத்த பட்டைகள் துருவேறிக் கிடக்க, அவற்றோடு இரண்டு பட்டைகள் மட்டும் கறுப்புப் பெயிண்டு மினுமினுக்கச் சேர்ந்திருக்கின்றன என்றாள். சாம்சன் பழைய டிரைவர், அவனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் பாதி பிக்கப்புகளின் கதை அதுதான். பாரம் கூடினால் வண்டி பின்னால் தாழும். தாழ்ந்தால் பார்க்கிறவன் கண்ணில் படும். பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு பட்டை கூடப் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நின்றதும் வண்டிக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டதாக முதலாளியிலிருந்து கிளீனர் வரை எல்லோரும் நம்பிவிடுவார்கள். அச்சும் பேரிங்கும் டயரும் பழையபடி அதேதான்.

"முதுகு வலிக்கு மாத்திரையப் போட்டுட்டு ரெண்டு மூட்டை கூடத் தூக்குற மாதிரி" என்றான் சாம்சன். "வலிதான் போயிருக்கும், முதுகு அதேதான்."

ஞானபாக்கியம் கதவு நிலையில் அறைந்திருந்த சின்னத் தகட்டைத் துடைத்தாள். பாரத்தோடு சேர்த்து வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3450 கிலோ. முன் அச்சு 1300. பின் அச்சு 2150. பின்னால் கொக்கி போட்டு இத்தனை கிலோ இழுக்கலாம் என்று ஓர் எண்ணும் அதில் கிடையாது. கொக்கியே கம்பெனி கொக்கி இல்லை, உள்ளூர் வெல்டிங்.

அப்போதுதான் சுயம்புலிங்கத்தின் கார் வந்து நின்றது. பின்னாலேயே மிஷினை இழுத்துப்போக இரண்டாவது பிக்கப், ஓர் ஆட்டோவில் சங்கையாவும் மாரிச்செல்வியும் மற்ற செட்டு ஆட்களும். வெள்ளைச் சட்டையில் இறங்கிய சுயம்புலிங்கம் நொறுங்கிய பிக்கப்பைக் கடந்து நேரே மிஷினிடம் போனார். டிரம்முக்குள் தலையை விட்டார். தலையை எடுத்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. சாம்சன் அதைப் பார்த்தான். ஆனால் பணக்காரர் சிரிப்புக்கெல்லாம் காரணம் தேடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

கூடப் போட்ட பட்டை பற்றி ஞானபாக்கியம் கேட்டாள். அது டிரைவர் தன் இஷ்டத்துக்குப் போட்டது, வெளி லோடு அடித்திருப்பான், தனக்குத் தெரியாது என்றார். ஞானபாக்கியம் இரண்டாவது பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார்த்தாள். அதிலும் இரண்டு கறுப்புப் பட்டை.

"இந்த டிரைவருக்கும் அதே ஆசையா அண்ணாச்சி?" என்று சாம்சன் கேட்டான்.

சுயம்புலிங்கம் அசரவில்லை. பட்டை போடுவது ஊர் வழக்கம், அதற்காகத் தூக்கிலா போடுவார்கள் என்றார். பாரம் கூடியிருந்தது என்று சந்தேகமா? போகிற வழியில்தான் எடை மேடை. அதே மிஷின், அதே மாதிரி வண்டி, அதே ஆட்கள். ஏற்றி நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். சப்-இன்ஸ்பெக்டர் ஜெயசித்ராவுக்கும் இந்தக் கேஸில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டுதான் இருந்தது. கிரேன் வந்து சேருவதற்குள் முடியுமென்றால் தானும் வருவதாகச் சொல்லித் தொப்பியை எடுத்தாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் சாம்சனுக்குப் பிடிக்கவில்லை. பயணம் முழுக்க ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு பஞ்சு மில்லை ஒட்டி இருந்தது எடை மேடை. பிக்கப்பின் நாலு சக்கரமும் மேடையில், மிஷினின் சக்கரங்கள் மேடைக்கு வெளியே. அன்றைக்கு இருந்தபடியே முட்டுக் கம்பிகளும் பலகைகளும் பின்னால் ஏறின. அன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். பால்ச்சாமி உட்கார்ந்த மூலை காலியாக இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஞானபாக்கியம் கண்ணைக் காட்டினாள். சாம்சன் ஏறி அந்த மூலையில் உட்கார்ந்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எழுத்தில் விழுந்தது: 3110.

"தகட்டுல எம்புட்டு?" சுயம்புலிங்கம் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டார். "மூவாயிரத்து நானூத்தம்பது. பொறவு என்னத்துக்கு இந்தக் கூத்து?"

முழு வண்டி வேண்டாம், பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கட்டும் என்றாள் ஞானபாக்கியம். வண்டி முன்னே நகர்ந்தது. சாம்சன் மூலையில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டினான்.

2110.

பின் அச்சின் அளவு 2150. நாற்பது கிலோ உள்ளேதான். ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சங்கையா மேஸ்திரி பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு மாரிச்செல்வி நின்ற பக்கத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். தம்பியைக் கொன்றவன் பெண்டாட்டி, அவருக்கு அவ்வளவுதான். எல்லோருக்கும் டீ சொல்லட்டுமா என்று சுயம்புலிங்கம் தாராளமாகக் கேட்டார்.

சாம்சன் ஞானபாக்கியத்தின் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, நாம தோத்துட்டோம்னு சொல்றதுக்கு முன்னாடி டீயவாது குடிச்சிருவோம்."

"ஏலே சாம்சா. லட்சக்கணக்குல வாங்குன வண்டி அப்பளமா நொறுங்கிக் கெடக்கு. அந்த ஆளு கார்ல இருந்து எறங்குனதும் மொதல்ல எங்க தலைய விட்டாரு?"

சாம்சன் தலையைத் திருப்பி மிஷினைப் பார்த்தான். "டிரம்முக்குள்ள."

"பாத்துட்டுச் சிரிச்சாரா இல்லையா?"

இருவரும் மிஷினிடம் நடந்தார்கள். வெளியே மிஷின் முழுக்கக் காய்ந்த சிமெண்ட் செதில் செதிலாக அப்பியிருந்தது. சக்கரத்தில், கொக்கித் தண்டில், எஞ்சின் மூடியில், எங்கும். டிரம்முக்குள் மட்டும் இரும்பு கழுவி வைத்த தட்டுப் போல மின்னியது. தகரத்தில் சுத்தியல் பட்ட தடங்கள் புதிதாக வெளுத்திருந்தன. தினமும் சாந்து அரைக்கிற வாய் இவ்வளவு சுத்தமாக இருக்குமா? விபத்துக்குப் பிறகு யாரோ உள்ளே இறுகிக் கிடந்ததை உடைத்து எடுத்திருக்கிறார்கள்.

"அண்ணாச்சி வேலைதான்" என்றான் சாம்சன்.

"அவரு வேலையா இருந்தா உள்ள எட்டிப் பாக்கத் தேவையில்ல. நெறஞ்சு கெடக்கும்னு பயந்துக்கிட்டே பாத்தாரு. காலியா இருந்ததும் சிரிச்சாரு. அவருக்கே தெரியாம அவருக்கு ஒருத்தர் ஒத்தாசை பண்ணிருக்காக." ஞானபாக்கியம் டிரம்முக்குள் கையை விட்டுத் தடவினாள். "பிளேடுல ஒரு அடி படல பாரு. இந்த டிரம்முல பழகுன கை."

பொட்டலுக்குள் யார் யார் வந்தார்கள் என்று ஜெயசித்ராவிடம் கேட்டாள். வெளியாள் யாரும் இல்லை. புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த மாரிச்செல்வி, அவனை ரிமாண்டுக்குக் கொண்டுபோன பிறகும் வந்து மிஷினைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாளாம். அது அவள் வேலைதானே என்று காவலுக்கு இருந்தவர் விட்டுவிட்டார். சொல்லும்போதே ஜெயசித்ராவின் குரல் இறங்கியது. கையில் சுத்தியலும் தலையில் சட்டியுமாக ஒரு பொம்பளை வேர்வை வழிய வேலை செய்துகொண்டிருந்தால், ஏன் செய்கிறாய் என்று இந்த நாட்டில் ஒருவரும் கேட்பதில்லை.

எடை மேடை அறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் நிழலில் மாரிச்செல்வியை நிறுத்தினாள் ஞானபாக்கியம். சாம்சன் சற்றுத் தள்ளி நின்றான். காது மட்டும் தள்ளி நிற்கவில்லை.

"ஏட்டி, உன் புருசன வெளிய எடுக்கணும்னு என்ட்ட வந்த. அவன் வெளிய வாரதுக்கு இருந்த ஒரே சாட்சிய நீயே ஒடச்சுக் கொட்டிருக்க. ஏன்?"

மாரிச்செல்வி முதலில் தொட்டியைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்திருந்தது.

"டிரம்மு கழுவுறது என் வேலக்கா. கழுவாம விட்டது நானு. கூடுன பாரத்துல வண்டி போயிருச்சுன்னு தெரிஞ்சா யார் மேல விழும்? டிரைவர் பொண்டாட்டி கழுவல, அதுல ஒருத்தன் செத்துட்டான்னுதான சொல்லுவாக. அவிய உள்ள இருக்காக. நானும் போயிட்டா எம்பிள்ளையள யாரு பாப்பா?"

"ஏன் கழுவல?"

தண்ணீர் தீர்ந்து போயிற்று என்றாள். தீராத நாளிலும் நேரம் கிடையாது. இந்த வீட்டுத் தளம் முடியுமுன்னே அடுத்த வீட்டுக்காரன் காத்திருப்பான். போனில் முதலாளி கத்துவார். ஷெட்டில் வந்து கழுவிக்கொள்ளலாம் என்பார். ஷெட்டுக்கு வந்தால் விடியும் முன் அடுத்த வேலை. கலவை உள்ளே இறுகிக்கொண்டே போகும். கொத்தி எடுக்க ஒரு நாள் மிஷினை நிறுத்தக் கேட்டால் கொடுக்க மாட்டார். அன்றைக்குப் புதுப்பட்டியில் மிச்சக் கலவையையே கொட்ட விடவில்லை. அப்படியே மாட்டி இழுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்.

ஞானபாக்கியம் விளக்கியது சாம்சனுக்கும் அப்போதுதான் முழுதாக உறைத்தது. மாட்டு வண்டியில் பின்பக்கம் ஆள் தொங்கினால் நுகத்தடி மேலே எழும்பும். அதே கதைதான். மிஷினின் டிரம் கொக்கியை ஒட்டி முன்னால் இருக்கிறது. அதில் இறுகிய எடை பெரும்பாலும் கொக்கியில் இறங்கும். கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால். அங்கே அமுக்கினால் பின் அச்சு நசுங்கும், முன் சக்கரம் தரையை விட்டு லேசாகும். லேசான சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. பின்னால் பிரேக் இல்லாத மிஷின் வேறு பிடித்துத் தள்ளும். கூடப் போட்ட பட்டை இருந்ததால் வண்டி தாழவும் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை.

"சிவபாண்டி சொன்னது நெசம். ஆனா சொல்லி என்ன பண்ண? காட்டணும். கொட்டுனது எங்க கெடக்கு?"

"சொன்னா என்னைய உள்ள வைப்பாகளா?"

"வைக்கலாம். வைக்காமலும் போலாம். உனக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். சொல்லலைன்னா உன் புருசன் நாளைக்கு வர மாட்டான், அது மட்டும் தெரியும்."

ரோட்டில் ஒரு கிரேன் மெதுவாக ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போயிற்று. மாரிச்செல்வி அது மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தொட்டியைச் சுற்றிக்கொண்டு நேரே ஜெயசித்ராவிடம் போனாள். ஞானபாக்கியம் கூடப் போகவில்லை.

"மேடம், டிரம்மக் கொத்துனது நாந்தான். பொட்டலுக்குப் பின்னால ஓடையில கெடக்கு. ஒரு கல்லு கூட வெளிய போகல."

சுயம்புலிங்கத்தின் டீ கிளாஸ் பாதியில் நின்றது.

சரக்கு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு சாம்சனும் ஒரு கான்ஸ்டபிளும் ஓடினார்கள். அவர்கள் வருகிற வரை யாரும் உட்காரவில்லை. சுயம்புலிங்கம் மூன்று பேருக்குப் போன் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை போலும். கிளம்பப் பார்த்தார். செத்த நேரம் இருங்கள் என்றாள் ஜெயசித்ரா. மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் கார் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ வந்து நின்றது. உள்ளே உடைந்த ஓடுகள் போல வளைந்த காங்கிரீட் துண்டுகள். டிரம்மின் வளைவு அப்படியே இருந்தது, பிளேடு பதிந்த பள்ளமும் இருந்தது.

"தேங்காய்ச் சில்லு மாதிரி கெடக்கு மேடம்" என்றான் சாம்சன். "சட்னிக்குத்தான் ஆகாது."

ஞானபாக்கியம் ஒரு துண்டைத் தூக்கி விளிம்பைக் காட்டினாள். தோல் மேல் தோலாக, வேறு வேறு நிறத்தில் படிந்திருந்தது. ஒரு நாள் கழுவாமல் விட்டால் ஒரு தோல். இது ஒரு நாள் சோம்பலா, ஒருத்தி சோம்பலா, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

செட்டு ஆட்கள் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் கேட்காமலே ஒருவன் விரலை வைத்தான். இந்தச் செவப்பு செண்பகத்தோப்புக் காம்பவுண்டு, அங்கேதான் ஓடை மணல் கொடுத்தார்கள். இன்னொருவன், இந்தக் கறுப்பு எம் சாண்ட் மில் குடோன், மழையில் போட்டோம். ஒவ்வொரு தோலுக்கும் ஒரு வீடு இருந்தது. கழுவ வேண்டாம் வா என்று ஒரு போனும் இருந்தது. சங்கையா கடைசியாக வந்தார். மேல் தோல், புதுப்பட்டிக் கலவை. அதைத் தொட்டார், கையை எடுக்கவில்லை.

துண்டுகளை டிரம்முக்குள் திரும்பப் போட வேண்டும். மாரிச்செல்விதான் முதல் சட்டியைத் தூக்கினாள். நாலு எட்டு வைப்பதற்குள் சங்கையா வந்து அவள் தலையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பிறகு எல்லோரும் தூக்கினார்கள். ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சாம்சன் மறுபடி மூலைக்குப் போனான்.

முழு வண்டி: 3320.

"பாத்தீகளா, இப்பவும் உள்ளதான்" என்றார் சுயம்புலிங்கம். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

பின் சக்கரம் மட்டும்: 2410. தகட்டைவிட இருநூற்று அறுபது கூடுதல். வண்டியைப் பின்னால் தள்ளி முன் சக்கரத்தை மட்டும் நிறுத்தினார்கள்: 910. இத்தனை ஆளும் இரும்பும் ஏறியிருக்க, முன் சக்கரத்தில் காலி வண்டியின் எடைகூட இல்லை. காலி வண்டிக்கு ஆயிரத்து நூறு என்று எடை மேடைக்காரர் உள்ளிருந்தே சொன்னார், அந்த மாடல் தினமும் வருகிறதாம்.

ஜெயசித்ரா மூன்று எண்ணையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். நாளைக்கு மனு வருகிறபோது அரசுத் தரப்பில் இதைச் சொல்லச் சொல்வதாக ஞானபாக்கியத்திடம் சொன்னாள். மாரிச்செல்வியைப் பார்த்து, "நீ நாளைக்குக் கோர்ட் முடிஞ்சு உன் வீட்டுக்காரரோட ஸ்டேஷனுக்கு வா. உடைச்சதுக்கு நீ பதில் சொல்லணும். இப்ப வீட்டுக்குப் போ" என்றாள்.

டிரம்மைக் கழுவச் சொல்லித் தான் ஆயிரம் தடவை சொன்னதாக ஆரம்பித்தார் சுயம்புலிங்கம். இந்த ஜனங்களுக்குச் சொன்னால் ஏறாது, வேலை முடிந்தால் ஓடத்தான் பார்ப்பார்கள் என்றார்.

வண்டியிலிருந்து சங்கையா இறங்கினார். மெதுவாக நடந்து வந்து முதலாளிக்கு நேர் எதிரே நின்றார். பீடி அணைந்து விரலிடுக்கில் மாட்டியிருந்தது.

"அண்ணாச்சி, சிவபாண்டி தூங்குனான்னு நான் சொன்னது தப்பு. அன்னைக்குப் புதுப்பட்டியில நான் போன் எடுத்தப்ப என்ன சொன்னீக? எந்தம்பி பக்கத்துலதான் நின்னான். ஸ்பீக்கர்ல கேட்டான். இங்கன சொல்லுங்க, இவியளும் கேக்கட்டும்."

சுயம்புலிங்கம் தன் காரைப் பார்த்தார். காருக்கும் அவருக்கும் நடுவில் செட்டு ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள், சிமெண்ட் அப்பிய கைகளோடு. அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. வழி மட்டும் விடவில்லை.